கேமரா வாங்காதீங்கக்கா, ஆடி வரட்டும்

பிளஸ் டூ முடிச்சாச்சு, அடுத்து என்ன படிக்க வைக்கலாம்னு யோசனை கேட்டு போன வாரம் காரைக்குடி பக்கத்துலேர்ந்து ஒரு அம்மாவும் பொண்ணும் என்கிட்ட வந்திருந்தாங்க. அம்மா கையில மஞ்சப்பை, உள்ள பிளஸ் டூ மார்க் ஷீட், ரெண்டு காலேஜோட வழவழ கலர் புக், கூடவே ஒரு நகைக்கடன் ரசீது. ரசீது எதுக்குக்கான்னு கேட்டேன். "ஏற்கெனவே வச்சது சார், இன்னும் எவ்வளவு தேறும்னு பாக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன்"னாங்க. பொண்ணு ஜன்னலையே பாத்துட்டு உக்காந்திருந்துச்சு.

விஷயம் இதுதான். பொண்ணோட இன்ஜினியரிங் கட் ஆஃப் 200க்கு 112. பெங்களூர்ல ஐடில இருக்கிற தாய்மாமா மேனேஜ்மென்ட் கோட்டால கம்ப்யூட்டர் சயின்ஸ் சேத்துவிடுங்கன்னு சொல்லிட்டாரு. பொண்ணு கல்யாண வேலைக்குப் போறேன்னு சொல்லுது. அதைக் கேட்டதும் பெரியப்பா "போட்டோ புடிக்கவா பெத்தோம்"னு ஒரு சத்தம், சித்தப்பா மட்டும் பாவம் புள்ள ஆசைப்படுதுன்னு ஒன்றரை லட்சத்துக்குக் கேமரா பாத்து வச்சிருக்காரு, தவணையில. அந்தம்மாவுக்கு ராத்திரி தூக்கம் இல்ல.

முதல் அஞ்சு நிமிஷம் நானும் "கவலைப்படாதீங்கக்கா, எல்லாம் சரியாயிடும்"னுதான் சொல்லிட்டிருந்தேன். அப்புறம் ரசீதுல இருந்த தொகையைப் பாத்தேன், சரியாயிடும்னு சொல்ல வாய் வரல. அன்னைக்கு நேரம் பத்தாம விட்டதையும் சேத்து இப்ப எழுதுறேன்.

அக்கா, கணக்கைப் பாருங்க. ஃபீஸ் வருஷத்துக்கு ஒன்றரை லட்சம், ஹாஸ்டல் 80 ஆயிரம். நாலு வருஷத்துக்கு 9 லட்சத்து 20 ஆயிரம், இதுல பஸ்ஸு, லேப்டாப்பு, அரியர் ஃபீஸு எதுவும் சேரல. உங்க பொண்ணு படிச்சது தனியார் மெட்ரிக், அதனால அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் கிடையாது. இன்ஜினியரிங் மோசம்னு நான் சொல்லவே மாட்டேன், என்கிட்ட வர்ற பாதிப் பசங்களை நானே அனுப்புறேன். ஆனா கணக்குல ஆர்வம் இல்லாத பொண்ணுக்கு, கவுன்சிலிங்கைக் கூடப் பாக்காம, கழுத்துல கிடக்கிறதை வச்சு சீட் வாங்குறது எனக்கு சம்மதமில்ல. மாமா அவ்வளவு உறுதியா சொல்றார்னா அந்த 9 லட்சத்துல அவரு எவ்வளவு போடுறாருன்னு ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்க. யோசனைக்கும் பணத்துக்கும் ஒரே ஆள் பொறுப்புன்னா பேச்சு தானா மாறிடும்.

சித்தப்பா பாத்து வச்ச கேமராவும் வேண்டாம். ஏன்னா வீட்ல இவ்வளவு சண்டை நடந்தும் ஒருத்தரும் அந்தப் பொண்ணுகிட்ட என்ன வேலைன்னு கேக்கவே இல்ல. நான் கேட்டேன். அது கேமரான்னு ஒரு வார்த்தை சொல்லல. பைக்குள்ளேர்ந்து ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்துக் காட்டுச்சு, அத்தை பொண்ணு கல்யாணத்துக்கு அது எழுதினது: மேக்கப் அக்கா எத்தனை மணிக்கு வரணும், மாலை எந்த வண்டியில வருது, ஐயர் கேட்ட சாமான்ல எது வரல, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு எந்த ரூம்ல ஏசி ஓடல. ஓரத்துல பென்சில்ல மணவறையோட படம், பின்னாடி திரை என்ன கலர்னு ரெண்டு தடவை அழிச்சு எழுதினது. அக்கா, இது போட்டோ புடிக்கிற பொண்ணு இல்ல, நாலு பேரைக் கூட்டி ஒரு வேலையை முடிக்கிற பொண்ணு. வெட்டிங் பிளானிங், ஸ்டைலிங்னு சொல்றாங்களே, அந்த வேலை. பெரியப்பா திட்டினதும் சித்தப்பா ஆதரிச்சதும் ரெண்டுமே வேற யாருக்கோ.

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்), ஈவென்ட் மேனேஜ்மென்ட் டிப்ளமோ இதெல்லாம் எல்லாரும் சொல்வாங்க, நான் சொல்லல. படிப்புக்கு அழகப்பா அரசுக் கலைக் கல்லூரியில பி.காம் போடுங்க, வீட்லேர்ந்தே போய்ட்டு வரலாம், ஃபீஸுக்காக நகையைத் தொட வேண்டாம், கணக்கு வழக்கு தெரிஞ்சா இந்தத் தொழிலுக்கும் நல்லது. அதோட ஒரே ஒரு காரியம். வர்ற ஆடியில அந்தப் பொண்ணு சொந்தமா ஒரு ஸ்டைல்டு ஷூட் பண்ணட்டும்.

அப்படின்னா என்னன்னா, கல்யாணம் நடக்காத கல்யாண ஷூட். மேக்கப் பண்றவங்க, டெக்கரேஷன் காரர், பூக்காரர், வாடகை நகை குடுக்கிறவங்க, மெஹந்தி போடுற பொண்ணு, ஃபோட்டோகிராஃபர், மண்டபத்துக்காரர்னு ஆளுக்கு ஆள் தன் வேலையைக் காசு வாங்காம போடுவாங்க, பதிலுக்கு எல்லாருக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் ஆல்பத்துக்கும் நல்ல படம் கிடைக்கும். நடுவுல எல்லாரையும் கோத்து வைக்க ஒரு ஆள் வேணும். அந்த ஆள்தான் உங்க பொண்ணு.

ஏன் ஆடின்னா, ஆடியில முகூர்த்தம் கிடையாது. ஜூலை பாதிலேர்ந்து ஆகஸ்ட் பாதி வரைக்கும் இந்தத் தொழில்ல இருக்கிறவங்க எல்லாரும் கொஞ்சம் சும்மா இருப்பாங்க, மண்டபம் பூட்டிக் கிடக்கும், ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் புடிக்கப் புதுப் படம் வேணும்னு அவங்களுக்கே அரிப்பு இருக்கும். முகூர்த்த நாள்ல கிலோ ஆயிரக்கணக்குல போற மல்லி ஆடியில இறங்கிடும், ஆடி வெள்ளியும் பதினெட்டாம் பெருக்கும் மட்டும் கோயிலுக்குப் போறதால விலை ஏறும், அந்த நாளைத் தள்ளிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாம். மார்கழியிலயும் முகூர்த்தம் இல்லையே சார்னு பொண்ணு கேட்டுச்சு, நல்ல கேள்வி, ஆனா பனியில மல்லி வரத்து குறைஞ்சு விலை எகிறிடும். ஆடியில ஒரே தொல்லை காத்து. அம்மியே பறக்கும்னு சொல்ற மாசத்துல வெளியில துணித்திரை கட்டினா என்ன ஆகும்னு நீங்களே நினைச்சுக்கங்க. அதனால உள்ளேயே எடுக்கணும்.

எங்க எடுக்கறதுன்னு கேட்டதும் பொண்ணு ஆத்தங்குடி, கானாடுகாத்தான்னு சொல்லுச்சு. பர்மா தேக்குத் தூண், பூப்போட்ட டைல்ஸ், வளவுல, அதான் நடு முற்றத்துல, விழுற வெயில், அழகுதான், யார் இல்லைன்னா. ஆனா அங்க எவன் எடுத்தாலும் அழகா வரும்மா, அதுல உன் வேலை எது? உனக்கு நாளைக்கு வரப்போற கஸ்டமர் செட்டிநாட்டு வீட்ல கல்யாணம் பண்ண மாட்டாங்க, ரோஸ் கலர் சுவத்துல டியூப்லைட் போட்ட ஏ.சி. இல்லாத மண்டபத்துலதான் பண்ணுவாங்க. அந்த மாதிரி ஒரு சாதாரண மண்டபத்தைப் புடி. சாப்பாட்டு ஹால்ல பெரிய ஜன்னல் இருக்கும், ஸ்டீல் சேரை எல்லாம் ஓரங்கட்டிட்டு டியூப்லைட்டையும் எல்இடியையும் அணைச்சிடு, ரெண்டும் கலந்தா மஞ்ச பூசின முகம்கூட பச்சையா தெரியும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழுற இடத்துல பொண்ணை உக்கார வச்சா பட்டு ஜரிகை கண்ணைக் குத்தாம மினுங்கும். "நம்ம ஊர் மண்டபமா இது?"ன்னு பாக்கறவன் கேட்டான்னா அதுதான் உன் முதல் விளம்பரம், மண்டபத்துக்காரரும் அதுக்காகத்தான் அரைநாள் சும்மா குடுப்பாரு.

ஆள் புடிக்கிறப்ப பெரிய பேரு எடுத்தவங்ககிட்ட போகக் கூடாது, அவங்களுக்கு இது தேவையில்ல. தொழிலுக்கு வந்து ஒண்ணு ரெண்டு வருஷம் ஆனவங்களாப் பாக்கணும், ஒரு வேலைக்கு ஒருத்தர்தான், ரெண்டு மேக்கப் ஆர்ட்டிஸ்டைக் கூப்பிட்டா அன்னைக்கே முடிஞ்சுது. "அக்கா ஃப்ரீயா பண்ணித் தர்றீங்களா"ன்னு மெசேஜ் போட்டா யாரும் மதிக்க மாட்டாங்க. என்ன தேதி, எத்தனை மணிலேர்ந்து எத்தனை மணி, நீங்க என்ன கொண்டு வரணும், உங்களுக்கு எத்தனை படம், எத்தனை நாள்ல, வேற யார் யார் வர்றாங்க, கலர் என்ன, இவ்வளவும் ஒரே மெசேஜ்ல இருக்கணும்.

அதோட ஒவ்வொருத்தருக்கும் தேவையான படம் வேற வேற. டெக்கரேஷன் காரருக்கு ஆள் நிக்காத வெறும் மணவறை வேணும், அதை முதல்ல எடுத்துடணும். நகைக்காரங்களுக்குப் பின்பக்கத்துல ஜடை பில்லை, இடுப்புல ஒட்டியாணம், மேல்கையில வங்கி. மேக்கப் அக்காவுக்கு ஃபில்டர் போடாத முகம், மெஹந்திப் பொண்ணுக்கு உள்ளங்கை (ரெண்டு நாள் முன்னாடியே போட்டாத்தான் கலர் ஏறும்). இதை எழுதி ஃபோட்டோகிராஃபர் கையில குடுக்கலைன்னா அவரு ஜோடியைச் சுத்தி நாநூறு படம் எடுத்துட்டு ஒட்டியாணத்தை மறந்துட்டுப் போயிடுவாரு. என்கிட்ட முன்னாடி வந்த ஒரு பையன் ஷூட்டை அருமையா நடத்தினான், ஆனா படம் கைக்கு வர ரெண்டு மாசம் ஆச்சு, அப்புறம் ஏழு பேர்ல ஒருத்தர்கூட அவன் ஃபோனை எடுக்கல. அதனால பத்து நாள்னா பத்து நாள்.

பூவையும் சொல்லிடறேன். முந்தின நாள் சாயங்காலம் கட்டின மல்லி காலையில விரிஞ்சு பழுப்படிச்சிடும். காலையில வந்த மொட்டை வாழைநார்ல நெருக்கமா கட்டி, ஈரத்துணியில சுத்தி வச்சு, ஜடை பின்னி முடிச்ச பிறகு கடைசியா வைக்கணும். மேக்கப்புக்கு ரெண்டு மணி நேரம், புடவை கட்ட அரை மணி, ஆறுக்கு ஆரம்பிச்சாத்தான் எட்டரைக்கு முதல் கிளிக்.

மாப்பிள்ளை பொண்ணா நிக்கறவங்க 18 தாண்டினவங்களா இருக்கணும். இன்னொண்ணு, யாரும் முன்கூட்டி யோசிக்க மாட்டாங்க: கல்யாணமாகாத பொண்ணு கழுத்துல விளையாட்டுக்குத் தாலி கட்டுறதை அந்தப் பொண்ணோட அம்மா ஒத்துக்க மாட்டாங்க, மெட்டியும் அப்படித்தான். மணவறையில வச்சு அழுகையாகி ஷூட்டே நின்னுடும். மாலை மாத்துறதோட நிறுத்திக்கலாமான்னு முன்னாடியே வீட்டுக்குப் போய்க் கேட்டுடணும், பொண்ணை மட்டும் இல்ல, அம்மாவையும்.

எழுத்துல வாங்காம எதுவும் வேண்டாம். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி (காப்பிரைட்) படம் எடுத்தவர்தான் பொதுவா உரிமையாளர், காசு குடுத்து எடுக்கச் சொன்னா, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல, சொன்னவருக்குப் போகும். இங்க காசே இல்லாம பண்டமாற்று, அதனால யார் எதுல போடலாம், பேரைக் கட்டாயம் போடணுமா, காசு குடுக்கிற விளம்பரத்துக்கு எடுத்துக்கலாமாங்கிறதை ஒரே பக்கத்துல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடட்டும். உங்க பொண்ணுக்கு இன்னும் 18 முடியல, அது போடுற கையெழுத்து ஒப்பந்தத்துக்குச் செல்லாது, அதனால நீங்க உங்க பேர்ல போடணும்க்கா. ஆமா, நீங்கதான். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிச்சுப் பாருங்க.

செலவு நாங்க உக்காந்து போட்டது: பூ 1,500, சாப்பாடு 2,000, வண்டி 2,500, வாடகை நகை சேதமானா குடுக்க 3,000 தனியா, தையல், இஸ்திரி, திரைத்துணி எல்லாம் சேத்து 2,000. மொத்தம் 11,000. இதுக்கு மேல ஒரு ரூபா போகக்கூடாதுன்னு பொண்ணுகிட்டயும் கண்டிப்பா சொல்லிட்டேன், பட்ஜெட்ல நிக்கத் தெரியலைன்னா இந்த வேலையே தெரியலைன்னு அர்த்தம்.

அந்தப் படங்களை நிஜக் கல்யாணம்னு சொல்லி ஒருத்தர்கிட்டயும் காட்டக் கூடாது, இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. ஸ்டைல்டு ஷூட்னு எழுதித்தான் போடணும். நிஜக் கல்யாணத்துல கெட்டிமேளம்னதும் அரை நிமிஷத்துல தாலி ஏறிடும், இன்னொரு தடவை கட்டுங்கன்னு கேக்க முடியாது, கரண்ட் போகும், மாமா கோவிச்சுக்கிட்டு வெளியில நிப்பாரு. அதைக் கத்துக்க ஆவணியில வர்ற முகூர்த்தத்துல ஷூட்டுக்கு வந்த டெக்கரேஷன் காரர்கிட்டயே லீவு நாள்ல நாள்கூலிக்குப் போகட்டும், சும்மா இல்ல, கூலிக்கு. ஷூட்டுக்கு ஏழு பேர்ல அஞ்சு பேராவது சொன்ன நேரத்துக்கு வந்தாங்களா, படம் பத்து நாள்ல போச்சா, முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி பொண்ணு அடுத்ததைப் பத்திப் பேசுச்சா இல்ல போதும்டா சாமின்னுச்சா, இந்த மூணையும் பாத்துட்டு வாங்க. போதும்டா சாமின்னா பி.காம் இருக்கு, போனது 11,000.

கிளம்பறப்ப அந்தம்மா வாசல் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்தாங்க. "சார், ஷூட்டுக்கு என் கூறைப்புடவையைக் குடுக்கலாமா? பத்தொம்பது வருஷமா பீரோவுலதான் இருக்கு." குடுக்கலாம்க்கா. ஆனா ரொம்ப நாள் ஒரே மடிப்புல இருந்த பட்டு அந்த மடிப்புலயே இத்துப் போயிருக்கும், ஜன்னல்கிட்ட விரிச்சுப் புடிச்சு வெளிச்சம் எங்கயாச்சும் ஊடுருவுதான்னு பாருங்க. மேல பருத்தித் துணி போட்டு மிதமான சூட்டுல தேய்ச்சாப் போதும். ஜரிகை கறுத்திருந்தா அப்படியே விட்டுடுங்க, ஜன்னல் வெளிச்சத்துல அது நல்லாத்தான் இருக்கும்.