பக்கெட்டை எட்டிப் பார்க்கும் வயது

கேள்வி: என் மகனுக்கு 14 மாதம். இதுவரை என் அம்மாதான் காலில் போட்டுக் குளிப்பாட்டி வந்தார். அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். போன வாரம் நான் துண்டு எடுக்க உள்ளே போய் வருவதற்குள், மகன் தண்ணீர் பக்கெட்டைப் பிடித்து நின்று, குனிந்து கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். தரையில் ஒட்டிக்கொள்ளும் குளியல் நாற்காலி கடையில் கிடைக்கிறதே, அதில் உட்கார வைத்தால் பயமில்லையா? அம்மா செய்ததுபோல மூக்கில் எண்ணெய் விடலாமா?
- ஈரோட்டு வாசகி

மருத்துவர் பதில்:

துண்டு எடுக்கப் போன அந்த அரை நிமிடத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே அம்மா, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்த வயதுக் குழந்தைக்குத் தலைதான் பாரம். 14 மாதப் பிள்ளை ஏறக்குறைய 78 செ.மீ. உயரம் இருப்பான். நம் வீட்டு 20 லிட்டர் பக்கெட்டின் விளிம்பு அவன் வயிற்றளவுக்கு வரும். உள்ளே மிதக்கிற மக்கை எடுக்க எட்டினால் தலை முந்திக்கொண்டு போகும், கால் தரையை விட்டு எழும்பிவிடும். கையை ஊன்றித் தலையை வெளியே இழுக்கும் வலு அவனுக்கு இன்னும் வரவில்லை. காலி பக்கெட் என்றால் அவனோடு சேர்ந்து சாய்ந்துவிடும். 15 லிட்டர் தண்ணீர் இருந்தாலோ அது 15 கிலோ கனம். உங்கள் மகன் 10 கிலோ இருப்பானா? அவன் எவ்வளவு உதைத்தாலும் பக்கெட் அசையாது.

சத்தம் கேட்டால் ஓடிவிடலாம் என்று இருந்துவிடாதீர்கள். வாயும் மூக்கும் தண்ணீருக்குள் இருக்கும்போது குழந்தையால் அழ முடியாது. அவசரப் பிரிவில் நான் வேலை பார்த்த நாட்களில், பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓடி வந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது, "சத்தமே கேக்கல டாக்டர்" என்பதுதான். அதற்கு நிறைந்த பக்கெட்கூட வேண்டாம். மூக்கும் வாயும் மூழ்குமளவு, 5 செ.மீ. தண்ணீர் தேங்கிய பேசின் போதும்.

நாற்காலி வாங்க வேண்டாம். எண்ணெயும் சோப்பு நுரையும் படிந்த தரையில் அதன் ரப்பர் பிடி விட்டுவிடும். நாற்காலியோடு சேர்ந்து குழந்தையும் கவிழும். அதைவிட எனக்குப் பயம், பிள்ளை பத்திரமாக உட்கார்ந்திருக்கிறான் என்ற தைரியத்தில் நீங்கள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவீர்கள் என்பதுதான். துண்டு, மாற்றுத்துணி, சோப்பு எல்லாவற்றையும் முதலில் கை எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, அப்புறம் பிள்ளையைத் தூக்குங்கள். குக்கர் விசில் அடிக்கட்டும், போனும் அடிக்கட்டும். போயே ஆக வேண்டுமென்றால் ஈரத்தோடு துண்டில் சுற்றி இடுப்பில் தூக்கிக்கொண்டு போங்கள். நாலைந்து வயது அக்காவையோ அண்ணனையோ காவலுக்கு வைப்பது காவல் ஆகாது.

குளித்து முடித்ததும் பக்கெட்டைக் கவிழ்த்துவிடுங்கள். ஆனால் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தெருக்களில் இதைச் சொல்வது எளிது, செய்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பிடித்து வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், குழந்தையால் திறக்க முடியாத மூடி போட்ட டிரம்மில் வையுங்கள். பாத்ரூம் கதவுக்கு வெளிப்பக்கம், உங்கள் தோள் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். தரைத்தொட்டி இருந்தால் அதன் மூடியையும் இன்றே பாருங்கள்.

அடுத்தது வெந்நீர். கொதிக்கிற தண்ணீரை முதலில் ஊற்றி, பிறகு பச்சைத் தண்ணீர் விட்டு விளாவுவதுதான் நம் வழக்கம். அந்த இடைவெளியில்தான் பிள்ளை கையை விடும். மாற்றிச் செய்யுங்கள்: பச்சைத் தண்ணீர் முதலில், வெந்நீர் பிறகு. அடிவரை கையால் கலக்கி, முழங்கையின் உள்பக்கத்தை நனைத்துப் பாருங்கள். சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. 37, 38 டிகிரி சரியாக இருக்கும். 60 டிகிரி தண்ணீர் குழந்தையின் மெல்லிய தோலைச் சில நொடிகளில் ஆழமாகப் புண்ணாக்கிவிடும். ஹீட்டர் கம்பி போட்ட பக்கெட் இருக்கும் இடத்துக்குக் குழந்தை வரவே கூடாது. அங்கே சூட்டோடு கரண்ட்டும் இருக்கிறது. சுட்டுவிட்டால் துணியைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். துணி புண்ணில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். பேஸ்ட், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம்.

மூக்கில் எண்ணெய் விடக் கூடாது. அது நுரையீரலுக்கு இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். மூக்கில் வாய் வைத்து ஊதுவதும் வேண்டாம். உடம்பில் எண்ணெய் தேய்ப்பதற்குத் தடையில்லை. ஆனால் எண்ணெய் தேய்த்த பிள்ளை கையில் நிற்காது, வழுக்கும். அவனை நிற்க வைக்காமல், அம்மா செய்ததுபோலக் காலில் போட்டோ, தரையில் உட்கார வைத்து ஒரு கையால் அக்குளைப் பிடித்துக்கொண்டோ குளிப்பாட்டுங்கள்.

இன்னொன்றையும் வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தண்ணீரிலிருந்து எடுத்த குழந்தை மூச்சு விடவில்லை என்றால் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது இரண்டும் கூடாது. அதில் போகிற நேரம் மூளைக்குப் போக வேண்டிய ஆக்சிஜனின் நேரம். மல்லாக்கப் படுக்க வைத்து, மோவாயை லேசாக உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து மார்பு எழும்பும்படி 5 முறை ஊதுங்கள். அசைவில்லை என்றால் நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து 30 முறை வேகமாக அழுத்தி, 2 முறை ஊதுங்கள். உதவி வரும்வரை இதை நிறுத்த வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் 108-ஐக் கூப்பிடட்டும். குழந்தை உடனே அழுதுவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துவிடுங்கள். நுரையீரலில் தண்ணீர் புகுந்ததன் தொல்லை சில மணி நேரம் கழித்தும் தெரியலாம்.