சாணைக்குத் தண்ணீர் விடுவது எப்படி? கேள்வி பதில்

ஹட்டனில் வீட்டுச் சாய்ப்பில் கல் பட்டை தீட்டுகிறேன். சாணைக்குத் தண்ணீர் விடுவது பற்றி மட்டும் கேளுங்கள் என்றிருந்தேன். வந்தவற்றில் சில இதோ.

தலவாக்கலைத் தம்பி: அண்ணே, சேலைன் குழாய் மாட்டியிருக்கிறேன். போகப்போகத் தண்ணீர் குறைகிறதே?

போத்தலைச் சாணைக்கு ஓரடி மேலே கட்டியிருப்பீர்கள். தண்ணீர் அரை அடி இறங்கினால் அழுத்தத்தில் பாதி போச்சு. ஐந்தடி உயரத்தில் கட்டினால் அதே அரை அடி பத்தில் ஒரு பங்குதான். போத்தலுக்கு மேலே காற்றுப் போக ஒரு ஓட்டையும் வேண்டும். சாதாரணக் குழாயில் 20 சொட்டு ஒரு மில்லிலீட்டர். செக்கனுக்கு இரண்டு சொட்டு விட்டால் ஒரு லீட்டர் இரண்டே முக்கால் மணி நேரம் வரும்.

ஆனால் சொட்டு நேரே சாணையில் விழக் கூடாது. ஆறு அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 1,440 சுற்றுச் சுற்றினால் விளிம்பு செக்கனுக்கு 11 மீற்றருக்கு மேல் ஓடும். விழுந்த சொட்டு உங்கள் சட்டையில்தான் இருக்கும். பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சில் ஒரு துண்டு வெட்டி, சக்கரத்தைத் தொட்டும் தொடாமலும் கம்பியில் கட்டி, சொட்டை அதில் விழ விடுங்கள். கல் அரைபடும் சத்தமே மாறும். கரகரப்பு போய் 'உஸ்' என்று வரும்.

குழாய் மோட்டருக்கு மேலாகப் போகக் கூடாது. மின்சாரம் கசிந்தால் தானே நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் இந்த வேலையே வேண்டாம்.

ராகலைத் தங்கச்சி: கொஞ்ச நேரம் தண்ணீர் இல்லாமல் அரைத்தால் என்ன?

கூடாது. பளிங்கு (குவார்ட்ஸ்) தூசு நுரையீரலில் படிந்தால் அந்தச் சேதம் ஆறாது. கல்லும் சூடேறி வெடிக்கும்.

நானுஓயாத் தம்பி: காலையில் மோட்டரைப் போட்டால் மேசையே ஆடுகிறது.

கார்போரண்டம் தூளை இறுக்கிச் செய்த சக்கரமா? இராத்திரி தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்திருக்கும். சக்கரத்தின் கீழ்ப்பாதி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிட்டது. எனக்கும் ஒருமுறை ஆனது. போத்தலே கழன்று விழுந்தது. அப்படியே ஓட்டினால் சக்கரம் உடைந்து பறக்கலாம். முதலில் தண்ணீரை மூடி, இரண்டு நிமிடம் வெறுமனே ஓட விட்டு, அப்புறம் மோட்டரை நிறுத்துங்கள்.

பண்டாரவளை அண்ணன்: சொட்டெல்லாம் பழைய கதை. மீன் தொட்டிப் பம்ப் போட்டு ஒரே வாளித் தண்ணீரைச் சுற்ற விடுகிறேன்.

அண்ணே, 80 நம்பர் கரட்டுச் சக்கரத்தின் மண் அதே தண்ணீரில் 3,000 நம்பர் மழமழப்புச் சக்கரத்துக்குப் போய்க் கல்லில் கோடு போடுமே?

அவரே: பம்ப் வாயில் ஸ்டொக்கிங்ஸ் கட்டியிருக்கிறேன். மாசியில் எங்கள் பீலியில் நூல் மாதிரித்தான் தண்ணீர் வருகிறது. உங்களுக்கென்ன!

தண்ணீர்ப் பஞ்சம் நியாயம்தான். ஸ்டொக்கிங்ஸ் மணலைப் பிடிக்கும், மாவைப் பிடிக்காது. வழிகிற தண்ணீரை வாளியில் பிடித்து ஓர் இரவு தெளிய விட்டு, மேல் தண்ணீரைக் கரட்டுச் சக்கரத்துக்கு மட்டும் விடுங்கள். அடி வண்டலைக் கானில் ஊற்றாதீர்கள், சீமெந்து மாதிரி அடைத்துக்கொள்ளும்.

மாத்தளையிலிருந்து ஒருவர்: என் நீலக்கல் என்ன விலை போகும்?

தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்.

இன்னொருவர்: சின்னக் கல்தான், தண்ணீர் இல்லாமல்...

ராகலைத் தங்கச்சிக்குச் சொன்னதைப் படியுங்கள். நீங்கள் நான்காவது ஆள்.

பண்டாரவளை அண்ணன்: என் கல்லில் ஒரு கோடும் இல்லை!

பத்து மடங்கு லென்ஸில் வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள் அண்ணே. அப்புறம் பேசுவோம்.