அருவிக்கு மட்டும் இப்ப கூட்டிட்டுப் போகாதீங்க

வணக்கம்ங்க. மார்கழிப் பனியில பள்ளிக்கூடம் போனா ஏழு வயசுப் பையனுக்குக் கன்னமும் கையும் தடிக்குது, அரை மணியில அடங்கிடுது, பூச்சிக்கடின்னு வேப்பிலை பூசுறோம்னு எழுதியிருக்கீங்க. பொங்கல் லீவுக்கு ஜலகாம்பாறை அருவிக்குப் போறோம்னு கடைசியில சொன்னீங்களே, அதுதான் என்னைப் பதற வச்சுது.

காட்பாடியில எங்க பொண்ணுக்கும் இதேதான், குளிர் பட்டா தோல் தடிக்கிற காணாக்கடி. குச்சி ஐஸைப் பிடிச்சிருக்கும்போது ஒண்ணும் தெரியாது. கீழ வச்சு, விரல் சூடாகும்போதுதான் சிவந்து வீங்கும். தோல் டாக்டர் ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில போட்டு முன்கையில 5 நிமிஷம் வச்சு எடுத்தார். பத்து நிமிஷத்துல அந்த இடம் அச்சு வச்ச மாதிரி மேடாச்சு. இதை நீங்களா வீட்ல செஞ்சு பாக்காதீங்க.

கன்னம் மட்டும் குளிர்ந்தா தடிப்போட போயிடும். அருவியிலயோ கிணத்துலயோ உடம்பு முழுக்க ஒரேயடியா குளிர்ந்தா, தடிப்பை உண்டாக்குற ஹிஸ்டமைன்ங்கிற பொருள் உடம்புக்குள்ள மொத்தமா வெளியாகி ரத்த அழுத்தம் இறங்கிடலாம். தண்ணிக்குள்ள மயங்கினா பிள்ளையைக் காப்பாத்துறது கஷ்டம்ங்க.

தடிக்கும்போது போட்டோ எடுத்து வச்சு, தோல் டாக்டர்கிட்டயோ அலர்ஜி டாக்டர்கிட்டயோ காட்டுங்க. செட்ரிசின் மாதிரி அலர்ஜி மருந்துதான் பெரும்பாலும் தருவாங்க. அளவை அவங்கதான் சொல்லணும். திடீர்னு மோசமானா போடுற அட்ரினலின் ஊசி கைவசம் வேணுமான்னு மறக்காம கேளுங்க. உதடு, நாக்கு வீங்கினாலோ குரல் கம்மினாலோ உடனே 108.

வெந்நீர்ல குளிச்சாலும் ஈரத்தோட ஃபேன் அடியில நிக்க விடாதீங்க, அதுவே போதும் தடிக்க. டீச்சர்கிட்டயும் சொல்லிடுங்க, இது ஒட்டிக்கிற நோய் இல்லன்னு.