வாலைப் பார்த்தீர்களா?

அன்புள்ள ஐயா,

நெல்லையிலிருந்து தூத்துக்குடிக்குத் தினமும் காரில் போய்வருகிறேன். வல்லநாடு தாண்டியதும் மின்கம்பியில் ஒரு வெள்ளைக் கழுகு உட்கார்ந்திருக்கும். தோளில் கறுப்பு. சில நாள் வயலுக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். ஓட்டிக்கொண்டே செல்போனில் எடுத்த படம் இணைப்பில். என்ன கழுகு இது? எந்த பைனாகுலர் வாங்கலாம்? கருடனைப் பார்த்தால் நல்லது என்பது இதற்கும் உண்டா?

சுடலைமுத்து

அன்புள்ள சுடலைமுத்து,

வேலைக்குப் போகிற அவசரத்திலும் கம்பியில் ஒரு பறவையைத் தேடுகிறவர்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அதனால்தான் இந்தத் திட்டு. 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. மேலே பார்த்துப் படமும் எடுக்க மூன்று விநாடி என்றால் 66 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போயிருக்கிறீர்கள். அப்படி எடுத்த படத்தில் கண்ணாடி அழுக்குதான் தெளிவாக இருக்கிறது.

உங்கள் பறவை கருந்தோள் பருந்து. காக்கையைவிடச் சிறியது, எலி பிடிப்பது. கழுகு இல்லை.

நிறத்தை எழுதினீர்கள், தோளை எழுதினீர்கள். வாலைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு வருகிற கடிதங்கள் எல்லாமே இப்படித்தான். நிறம் ஏமாற்றும். உச்சி வெயிலில் வானத்தின் எதிரே எந்தப் பறவையும் கறுப்புதான். செம்மண் காட்டில் தரையிலிருந்து எழும் வெளிச்சம் வெள்ளை வயிற்றையும் சிவப்பாக்கிவிடும். இளம் பறவைகளுக்கோ வேறு சட்டை. நீங்கள் கேட்ட கருடன், அதாவது செம்பருந்து, முதல் வருடம் வெறும் பழுப்பு. பெரியதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற நாம் அதன் பிள்ளையைக் கோழிக்குஞ்சு திருடன் என்று கல்லால் விரட்டுகிறோம். உங்கள் சகுனக் கேள்விக்கு இவ்வளவுதான் என் பதில்.

அந்தப் பழுப்புப் பிள்ளையைக் கரும்பருந்திலிருந்து பிரிப்பது வால்தான். கரும்பருந்துக்கு வால் நுனி நடுவில் உள்வாங்கிக் கவட்டையாக இருக்கும், செம்பருந்துக்கு வட்டம். இங்கேதான் பலரும் தவறுவார்கள். கரும்பருந்து திரும்பும்போது வாலை விசிறியாக விரிக்கும், கவட்டை மறைந்து நுனி நேர்கோடாகிவிடும். ஓரச் சிறகுகள் உதிர்ந்திருந்தால் வட்டமாகக்கூடத் தெரியும். ஆகவே ஒரு பார்வையில் முடிவு கட்டாதீர்கள். இரண்டு மூன்று வட்டம் அடிக்கட்டும், வாலை மூடும்போது பாருங்கள். கரும்பருந்து வாலைச் சுக்கான் மாதிரி இடமும் வலமும் முறுக்கிக்கொண்டே இருக்கும், அதுவும் ஒரு துப்பு.

உங்கள் பருந்துக்கு வால் குட்டை, வெள்ளை. கம்பியில் உட்கார்ந்தபடி அதை மெல்ல ஏற்றி இறக்கும். பனிக்காலத்தில் வலசை வரும் கெஸ்ட்ரல் என்கிற சிறு வேட்டைப்பறவையும் அந்தரத்தில் நிற்கும், ஆனால் அதன் வால் நீளம். விரித்துப் பிடித்தால் நுனியில் கறுப்புப் பட்டை தெரியும். முதுகு செங்கல் நிறம். நீள வாலோடு, இறக்கையை மேல்நோக்கித் தூக்கிப் புல்லை உரசுகிற மாதிரி தாழ மிதந்து போனால் பூனைப்பருந்து. அதுவும் வலசை வருவதுதான், ஐப்பசிக்குப் பிறகு பாருங்கள். நாலு சிறகடிப்பு, ஒரு மிதப்பு என்று மரத்துக்கு மரம் தாவுவது வல்லூறு.

நிறுத்திப் பார்ப்பதானால் சர்வீஸ் ரோட்டில் இறங்குங்கள். பறவைக்கு நேர் கீழே பிரேக் போடாமல் ஐம்பது மீட்டராவது தாண்டி நிற்க வேண்டும். கதவைத் திறக்காதீர்கள். தினமும் ஓடுகிற காரை அது சட்டை செய்யாது, காரிலிருந்து இறங்கும் மனிதனைக் கண்டால் பறந்துவிடும்.

பைனாகுலர் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். 8×42 போதும், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம். பத்து மடங்கு கையில் ஆடும். ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள், அதற்குமுன் இன்ஜினை அணைத்துவிடுங்கள்.