கோவையில அஞ்சு வாரம் தங்கணும், ஃப்ரீ பார்க்கிங் இருக்கற ஃபிளாட் எடுக்கலாமுங்களா?

கேள்வி: வணக்கமுங்க சார், கோபியில மொபைல் சர்வீஸ் கடை வெச்சிருக்கேன். அப்பாவுக்கு பீளமேடு பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில ரேடியேஷன் 25 சிட்டிங் சொல்லியிருக்காங்க, திங்கள்லருந்து வெள்ளி வரைக்கும், அஞ்சு வாரம். காந்திபுரத்துல லாட்ஜ் நாளைக்கு 1,100, காருக்கு தனியா 100 கேக்கறாங்க. சரவணம்பட்டியில ஒரு சின்ன ஃபிளாட் நாளைக்கு 1,500, கிச்சன் இருக்கு, பார்க்கிங் ஃப்ரீ. இல்ல தினமும் கார்லயே போயிட்டு வந்துடலாமா? அம்மாவும் நானும் கூட இருக்கணும். கடை சாத்துனா நாளைக்கு 800 ரூவா போயிடும்.

பதில்: தம்பி, மொதல்ல அப்பா நல்லபடியா தேறி வரட்டும்ங்க.

தினமும் போயிட்டு வர்றதை மொதல்ல விட்டுடுங்க. கோபியிலருந்து போக வர 160 கிலோமீட்டர், லிட்டருக்கு 16 குடுத்தா பெட்ரோலே கிட்டத்தட்ட 1,000 ரூவா, 25 நாளைக்கு 25,000, கணக்குல பாத்தா இதுதான் சீப்பு மாதிரி தெரியும். ஆனா ரேடியேஷன்ல ரெண்டு மூணு வாரம் போன பொறவு ஒடம்பு அசந்து போயிடும், அப்ப அந்த மனுசனை தினமும் நாலஞ்சு மணி நேரம் கார்ல உக்கார வெக்கறது பாவமுங்க. அவினாசி ரோட்டு மேம்பாலம் 2025 அக்டோபர்ல தொறந்ததுலருந்து கோல்ட்வின்ஸ் தாண்டி உள்ள வர்றது சுலுவாயிடுச்சுதான், ஆனா கோபியிலருந்து அங்க வர்ற தூரம் அப்படியேதானே இருக்கு.

இப்ப லாட்ஜா ஃபிளாட்டா. ஞாயிறு சாயங்காலம் போயி வெள்ளி சிட்டிங் முடிச்சு திரும்புனா 25 ராத்திரி. லாட்ஜ் 27,500, காருக்கு 2,500, மூணு பேரு மூணு வேளை ஓட்டல்ல சாப்பிட்டா நாளைக்கு 900-க்கு கொறையாது, அது 22,500, ஆக 52,500. ஃபிளாட் 37,500, நீங்களே சமைச்சா நாளைக்கு 350-ன்னு வெச்சா 8,750, ஆக 46,250. ஃபிளாட் 6,250 கம்மி. ஆனா அந்த ஃப்ரீ பார்க்கிங்ல உங்களுக்கு மிச்சம் வெறும் 2,500தான், கிச்சன்ல மிச்சம் 13,750! நீங்க பாக்க வேண்டியது அடுப்பைத்தானுங்க. அப்பாவுக்கு காரம் எண்ணெய் ஆகாதுன்னு டாக்டர் சொன்னா ஓட்டல்ல யாரு தனியா செஞ்சு தருவா, அம்மா கொஞ்சூண்டு அரிசிம்பருப்பு வெச்சு கொழைய தாளிச்சுக் குடுத்தா ரெண்டு வாயாவது உள்ள போகும்.

என் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் பண்ணப்ப நானும் ஃப்ரீ பார்க்கிங்னு பாத்துத்தான் ஒரு ஃபிளாட் எடுத்தேன். ராத்திரி 11 மணிக்கு கதவைத் தட்டுறாங்க, வண்டி நிக்கறது இன்னொரு ஃபிளாட்காரர் எடமாம், எடுங்கன்னு. அம்மாவை தனியா விட்டுட்டு கீழ எறங்கி ரோட்டோரமா நிறுத்திட்டு வந்து, மிச்ச ராத்திரி தூங்கவே இல்லைங்க. அதனால பார்க்கிங் வேணும்னா எடத்தோட நம்பரையும் போட்டோவையும் வாட்ஸ்அப்ல வாங்கி வெச்சுக்கங்க, வாய்வார்த்தையை நம்பாதீங்க.

ஆனா என்னைக் கேட்டா உங்களுக்கு பார்க்கிங்கே வேண்டாமுங்க. கார் அங்க நிக்கணும்னா நீங்களும் அங்க நிக்கணும், கடை சாத்தியிருக்கும், 25 நாளைக்கு 20,000 ரூவா, அது எந்த பில்லுலயும் வராத செலவு. சரவணம்பட்டியிலருந்து பீளமேட்டுக்கு தினமும் போக வர டிராஃபிக் வேற. அதுக்கு பதிலா பீளமேடு, ஹோப் காலேஜ் பக்கம் லிஃப்ட் இருக்கற, கிச்சன் இருக்கற ஃபிளாட் பாருங்க, பார்க்கிங் இல்லாட்டி பரவாயில்லை, நாளைக்கு 100 ரூவா அதிகம் கேட்டாலும் பரவாயில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ போதும், அம்மா காய் வாங்கப் போக வர சாதா டவுன் பஸ்ல லேடீஸுக்கு டிக்கெட்டே இல்லை. மொத வாரம் நீங்க கூட இருந்து பழக்கி விடுங்க, நடுவுல மூணு வாரம் ஞாயிறு கொண்டு போய் விட்டுட்டு வெள்ளி கூட்டிட்டு வாங்க, கடைசி வாரம் அப்பா ரொம்ப அசந்திருப்பாரு, மறுபடி கூடவே இருங்க. அம்மாவுக்கு தனியா சமாளிக்க பயமா இருந்துச்சுன்னா மட்டும் கடையை யோசிக்காதீங்க, போயிடுங்க.

வாடகையை நாள் கணக்குல பேசாதீங்க. அஞ்சு வாரம் ஆள் நிச்சயம்னா மொத்தமா ஒரு ரேட் கேளுங்க, 30,000-ல ஆரம்பிச்சுப் பேசுங்க, சனி ஞாயிறு பெட்டியைத் தூக்கிட்டு காலி பண்ற வேலையும் இருக்காது. சொல்ற ரேட்டுல ஜிஎஸ்டி சேந்திருக்கான்னு கேளுங்க. 2025 செப்டம்பர் 22-லருந்து நாளைக்கு 7,500 வரைக்கும் இருக்கற ரூமுக்கு 5 சதவீதம்தான், இன்னும் பழைய 12 போட்டா ஒத்துக்காதீங்க. டாக்டர் தேதி மாத்துனா அட்வான்ஸ் திரும்புமான்னும் எழுதி வாங்குங்க. மெடிக்கல் இன்சூரன்ஸ்ல சிகிச்சைக்கு கிளைம் பண்ணலாம், வெளிய எடுக்கற ரூம் வாடகைக்கு வராதுன்னு வெச்சே பட்ஜெட் போடுங்க.

அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில சோஷியல் ஒர்க்கர் இருந்தா ஒரு வார்த்தை கேளுங்க, தூரத்துலருந்து வர்றவங்களுக்கு பக்கத்துல கம்மியா தங்கற எடம் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஃபிளாட்டே முடிவானா சனிக்கிழமையே போய் அடுப்பு எரியுதா, வெந்நீர் வருதான்னு பாத்துட்டு வாங்க, குக்கர் மட்டும் வீட்டுலருந்தே எடுத்துட்டுப் போங்க.