கவுன்சலிங்கில் சொன்னது வீட்டுக்குப் போகுமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். மூன்று வாரமாகத் தஞ்சாவூரில் ஒரு மனநல ஆலோசகரிடம் போகிறேன். கூட்டிப்போகும் கணவர் அறைக்குள்ளும் வந்து உட்காருகிறார். செத்துப்போய்விடலாமா என்று சில நாள் தோன்றுகிறது. சொன்னால் வீட்டுக்கோ போலீசுக்கோ தெரிந்துவிடுமா?

பதில்: சொல்லுங்கள் அம்மா. முதலில் சொல்ல வேண்டியதே அதுதான்.

அந்த எண்ணத்தைச் சொன்னதாலேயே எந்த நல்ல ஆலோசகரும் போனை எடுத்துவிட மாட்டார். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, கைக்கு எட்டுகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பார். நம் பக்கம் வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டிலேயே கிடக்கும். அதனால் நான் இதை யாரிடமும் கேட்காமல் விடுவதில்லை. உயிருக்கு ஆபத்து நெருங்கிவிட்டது என்று தெரிந்தால்தான் வீட்டில் ஒருவரிடம் பேச வேண்டிவரும். அப்போதும் 'மருந்தை அப்புறப்படுத்துங்கள், தனியே விடாதீர்கள்' என்ற அளவுக்குத்தான். மாமியாரோடு என்ன மனத்தாங்கல், கல்யாணத்துக்கு முன் என்ன நடந்தது என்பதெல்லாம் அதில் வராது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, ஆபத்தைத் தடுக்கத் தேவையானதை மட்டுமே வெளியே சொல்ல அனுமதிக்கிறது. போலீஸ் பயமும் வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரையே கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும் என்கிறது 115ஆம் பிரிவு.

வேறொருவருக்குத் தீங்கு வரும் என்றாலும், உயர் நீதிமன்றம் கேட்டாலும் இந்த ரகசியம் தளரும். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரிந்தால் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும்.

சரி, கணவர். உங்கள் சிகிச்சை விஷயத்தில் உங்களுக்காக நிற்கும் பிரதிநிதி ஒருவரை நியமிக்க இதே சட்டம் இடம் தருகிறது. அவருக்குச் சில தகவல்கள் போகும். நீங்கள் யாரையும் நியமிக்காவிட்டால் உறவினர் ஒருவர் அந்த இடத்துக்கு வந்துவிடலாம். அதனால் அக்காவோ தோழியோ, நீங்கள் நம்பும் ஒருவர் பெயரை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அவருடைய சம்மதமும் எழுத்தில் வேண்டும்.

ஆனால் என் அனுபவத்தில் ரகசியம் கசிவது பெரும்பாலும் சட்டத்தின் வழியாக அல்ல. யார் வீட்டு மருமகள் என்று பஸ் கண்டக்டருக்கும் தெரிகிற ஊர்கள் நம்முடையவை. வரவேற்பில் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவது, மருந்துச்சீட்டு அலமாரியில் கிடப்பது, கணவர் போனுக்கு அடுத்த தேதி மெசேஜாக வருவது, இப்படித்தான் வெளியே போகிறது. உங்கள் எண்ணையே கொடுங்கள்.

'வெளியே இருங்கள்' என்று கணவரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் ஆலோசகருக்கு முன்னதாகவே போன் செய்து சொல்லிவிடுங்கள். 'தனியாகப் பேசுவதுதான் இங்கே வழக்கம்' என்று அவரே சொல்லி அனுப்புவார். அதுவரை இரவில் மனம் தாங்காவிட்டால் 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலிமானஸ் சேவை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.