கூண்டைக் கழுவியதும் ஏன் இப்படி உரசுகிறது? ஹாம்ஸ்டர் வாசனை பற்றிய கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நாற்றத்தைப் பற்றியவை. நீங்கள் நாற்றம் என்று எழுதியிருப்பதில் பாதி, ஹாம்ஸ்டர் வேண்டுமென்றே வைத்த வாசனை. அதை நாம் துடைத்துப் போட்ட பிறகுதான் பல தொல்லைகள் தொடங்குகின்றன. அதனால் கழுவும் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஞாயிறுதோறும் கூண்டை முழுசாகக் காலி செய்து, கிருமிநாசினி போட்டுக் கழுவி, வெயிலில் காயவைக்கிறேன். உள்ளே விட்டதும் என் சிரியன் ஆண் ஹாம்ஸ்டர் சுவர் சுவராகப் போய் இடுப்பை உரசுகிறது. சொறியாக இருக்குமா?

சொறி இல்லை. சிரியன் ஹாம்ஸ்டருக்கு இடுப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வாசனைச் சுரப்பி உண்டு. அடுத்த தடவை பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துப் பாருங்கள். முதலில் திரும்பி அந்த இடத்தை நக்கி, பின்னங்காலால் கோதும், முடி ஈரமாகி ஒட்டிக்கொண்டு நிற்கும், அப்புறம் முதுகை வளைத்து, விலாவைச் சுவரோடு அழுத்தி அப்படியே முன்னால் நடக்கும். அந்த நடையில் சுவரில் ஒட்டுவது அதன் அடையாளம். ஆணா பெண்ணா, எந்த ஹாம்ஸ்டர் என்பதை இன்னொரு ஹாம்ஸ்டர் அதை முகர்ந்தே தெரிந்துகொள்ளும். இந்தப் பழக்கம் மூளையிலேயே பதிந்தது. 1984இல் ஓர் ஆய்வில், மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் வாசோபிரசின் என்ற ஹார்மோனை மிகச் சிறிய அளவில் செலுத்தியபோது, ஹாம்ஸ்டர்கள் சிறிது நேரத்திலேயே விடாமல் உரச ஆரம்பித்தன.

ஹாம்ஸ்டருக்குக் கண்பார்வை மங்கல், வீட்டுக்குள் அது வழி கண்டுபிடிப்பதில் மூக்குக்குப் பெரிய பங்கு உண்டு. வாராவாரம் அதன் வீட்டை நாம் அந்நியன் வீடாக்கிவிடுகிறோம், அது பாவம் ஒவ்வொரு ஞாயிறும் முதலிலிருந்து எழுதுகிறது. இதை நிறுத்துங்கள், தயவுசெய்து. சிறுநீர் போகும் மூலையை மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் அள்ளுங்கள். அடியில் விரித்த மரச்சுருளையோ காகிதத்தையோ சில வாரங்களுக்கு ஒருமுறை கொஞ்சமாக மாற்றினால் போதும், அப்போதும் பாதிக்கு மேல் பழையதே இருக்கட்டும். அது தூங்கும் கூட்டில் இருப்பது நனைந்திருந்தால் ஒழிய அதைத் தொட வேண்டாம். சக்கரத்தையும் வீட்டையும் ஒரே நாளில் கழுவாதீர்கள். கழுவுகிற அன்று வெந்நீர் போதும், பினாயில் வகையறா வேண்டவே வேண்டாம்.

இடுப்பில் இரண்டு பக்கமும் கறுப்பாக, முடி கொட்டிய மாதிரி ஒரு பொட்டு. உண்ணி என்று நினைத்து இடுக்கியால் பிடுங்கப் பார்த்தேன்...

ஐயோ, இடுக்கியைக் கீழே வையுங்கள். மேலே சொன்ன சுரப்பிதான் அது. ஆண்களுக்குப் பெரிதாகவும் கறுப்பாகவும் தெரியும், ஆண் ஹார்மோனால் வளர்வது அது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, ஒரே இடத்தில் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலோ, ரத்தம் கசிந்தாலோ, குறிப்பாக வயதான ஆணுக்கு என்றால், கட்டியாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். குட்டை ரக ஹாம்ஸ்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அவற்றுக்குச் சுரப்பி வயிற்றின் நடுவில், தொப்புள் மாதிரி இருக்கும். மஞ்சளாக மெழுகு படிந்தாற்போல் தெரிந்தால் அதைப் புண் என்று உரிக்காதீர்கள்.

ஒரே ஈற்றில் பிறந்த அக்கா தங்கை இரண்டு சிரியன். இரண்டு மாதம் ஒன்றாகத் தூங்கின, இப்போது ரத்தம் வரும்வரை சண்டை. வாசனை பழகினால் சமாதானமாகுமா?

ஆகாது. இன்றைக்கே பிரித்துவிடுங்கள், நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

வாசனை தெரியாததால் வரும் சண்டை இல்லை இது. அவற்றுக்கு உறவு நன்றாகவே தெரியும். பிறந்ததுமே பிரித்து வேறு தாயிடம், வேறு குட்டிகளோடு வளர்த்த ஹாம்ஸ்டர்கள்கூட, பார்த்தேயிராத தங்கள் சொந்தங்களின் விலாச் சுரப்பி வாசனையைத் தன் வாசனையோடு ஒப்பிட்டுப் பிரித்தறிந்ததை ஜில் மாட்டியோ, ராபர்ட் ஜான்ஸ்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2000இல் காட்டினார்கள். சொந்தம் என்று தெரிந்தும் சேர்ந்து வாழாத பிராணி இது. சிரியாவில் அலெப்போ பக்கத்து வயல்களில் இவற்றின் வளைகளைத் தோண்டிப் பார்த்த ஆய்வு 2001இல் வந்தது. சராசரி 65 சென்டிமீட்டர் ஆழம், ஒரு வளைக்கு வளர்ந்த ஹாம்ஸ்டர் ஒன்றுக்கு மேல் கிடையாது. நம் வீடுகளில் இருப்பவை 1930இல் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் அதே அலெப்போ பக்கம் பிடித்த ஒரு தாயும் குட்டிகளும் வழியாக வந்த வம்சம்தான். கூண்டுக்கு வந்தும் குணம் மாறவில்லை.

வயலில் என்றால் ஒன்றின் வாசனையை முகர்ந்த மற்றது ஒதுங்கிப் போகலாம். கூண்டில் ஒதுங்க எங்கே இடம்? ஜெயித்தது எல்லா இடத்திலும், மற்றதன் வாசனை மேலேயே தன்னுடையதை வைக்கும், தோற்றது உரசுவதையே குறைத்துக்கொள்ளும். அந்த ஒதுங்கிய பிராணியைப் பார்த்து ‘சமாதானமாகிவிட்டது’ என்று நினைத்துக் காயத்தோடு என்னிடம் கொண்டுவந்தவர்கள் பல பேர்.

என் பெண் ஹாம்ஸ்டருக்கு நாலு நாளைக்கு ஒருமுறை கெட்டியான வெள்ளைத் திரவம், கூடவே கடுமையான வாடை.

நாலு நாள் என்று எண்ணி எழுதினீர்களே, பதிலே அதில்தான் இருக்கிறது. சிரியன் பெண்ணின் இனப்பெருக்கச் சுழற்சி நாலு நாள். இணைக்குத் தயாராகும் நாளுக்கு முந்தின இரவு, பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே போய் ஆணுக்குத் தகவல் வைக்கும். அந்த நாள் கழிந்ததும் வருவது நீங்கள் பார்த்த கெட்டித் திரவம். ஆணை இழுக்கும் வாசனையில் ஒன்று டைமெத்தில் டைசல்ஃபைடு, பூண்டு வாடைக்காரச் சேர்மம், அதனால்தான் உங்கள் மூக்குக்கும் எட்டுகிறது. தினமும் வந்தாலோ, ரத்தம் கலந்தாலோ, வயிறு உப்பிச் சாப்பிடாமல் கிடந்தாலோ மட்டும் அது கருப்பைச் சீழாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்கு.

ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டலாமா?

கூடாது. எண்ணெய்ப்பசை போகும், குளிரில் விறைத்துப் போகும். ஒரு கிண்ணத்தில் தூசியில்லாத மணல் வையுங்கள், தானே புரளும்.

இன்னொரு ஹாம்ஸ்டரைக் கொஞ்சிவிட்டு இதன் கூண்டுக்குள் கையை விட்டேன், கடித்துவிட்டது. இத்தனைக்கும் நல்ல பழக்கம்.

உங்கள் கையில் எதிராளி வந்திருந்தது. ஒன்றைத் தொட்டுவிட்டு இன்னொன்றிடம் போகும்போது வாசனையில்லாத சோப்பால் கை கழுவுங்கள். புதிதாக வந்ததைப் பழக்க, ஓர் இரவு தலையணைக்குள் வைத்த டிஷ்யூவைக் கிழித்துக் கூண்டில் போடுங்கள். அதைக் கன்னத்தில் அடைத்துக்கொண்டு போய்க் கூட்டில் சேர்த்த பிறகு கையை நீட்டிப் பாருங்கள்.